மூடாமல் விட்ட கதவுகள்: ப்ராக்ஸி சர்வர்களை முடக்கும் பிழைகள்

பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் நேஷனல் இன்ஃபர்மாட்டிக்ஸ் சென்டரின் (என்.ஐ.சி.) தமிழ்நாடு மாநில மையம் இருக்கிறது. கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவர்களில் அதைக் கவனித்தவர்கள் குறைவு. ஆனால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் காலையில் தமிழ்நாடே என்.ஐ.சி. முகவரி ஒன்றைத்தான் தட்டிக்கொண்டிருக்கும். ஒரே முகவரி தாங்காது என்பதால் டிஎன்ரிசல்ட்ஸ், டிஜிஇ1, டிஜிஇ2 என்று இரண்டு மூன்று முகவரிகளைப் பத்திரிகைகளில் முன்கூட்டியே அறிவித்ததுண்டு. அப்படியும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்த ஆண்டுகள் உண்டு. யாரும் தாக்கவில்லை. லட்சக்கணக்கானோர் ஒரே நிமிடத்தில் ஒரே வாசலுக்கு வந்தார்கள், அவ்வளவுதான்.

சேவை மறுப்பு என்றதும் பெரும்பாலோர் மனதில் வருவது இந்தக் கூட்ட நெரிசல்தான். தாக்குதல் என்றால் அதே கூட்டத்தை யாரோ காசு கொடுத்துக் கூட்டி வருவது என்று புரிந்துகொள்கிறோம். இன்னொரு வகை இருக்கிறது. கவுண்டரில் ஒரே ஒருவர் நிற்கிறார். அவர் நீட்டிய தாளின் இருபுறமும் ‘மறுபக்கம் பார்க்க’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், பின்னால் வருகிற யாருக்கும் வேலை நடக்கவில்லை. மென்பொருள் பிழையால் வரும் சேவை மறுப்பு இந்த ரகம். இதற்குக் கூட்டம் வேண்டாம், பெரிய பேண்ட்வித் வேண்டாம், ஒரு கோரிக்கை போதும். இந்தப் பிழை மிக மோசமாக உறைக்கும் இடம், எல்லோருக்கும் பொதுவாக நடுவில் நிற்கும் ப்ராக்ஸி சர்வர்.

ப்ராக்ஸி நம் ஊருக்கு எதற்காக வந்தது என்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம். 1986இல் தொடங்கிய, கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான எர்நெட் வலையத்தின் முதல் எட்டு நிறுவனங்களில் ஐஐடி மெட்ராஸும் ஒன்று. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையத்தைத் திறந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில். வெளிநாட்டுக்குப் போகும் கம்பி மெல்லியது, விலையோ யானை விலை. சிங்கப்பூருக்கு நேராகப் போகும் ஐ2ஐ கடலடிக் கேபிள் சென்னைக் கரையைத் தொட்டதே 2002இல்தான். அதுவரை நூறு மாணவர்கள் பார்க்கும் ஒரே பக்கத்தை நூறு முறை அமெரிக்காவிலிருந்து இழுத்துக்கொண்டிருக்க முடியுமா? ஒருமுறை இழுத்து உள்ளூரில் சேமித்து, மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் அங்கிருந்தே பரிமாறுவதுதான் வழி. அதைச் செய்ததில் உலகெங்கும் பேர் வாங்கிய மென்பொருள் ஸ்க்விட். ஹார்வெஸ்ட் என்ற ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து பிரிந்து, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில், டுவான் வெசல்ஸ் முன்னின்று 1996இல் வெளிவந்தது. இலவசம், மூலக்குறிமுறை திறந்தது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். 3128 என்ற எண்ணை ப்ரவுசரில் தட்டாமல் இன்ஜினியரிங் படிப்பை முடித்தவர்கள் ஒரு தலைமுறையில் அபூர்வம். அது ஸ்க்விட்டின் வழக்கமான வாசல் எண்.

சேமித்துப் பரிமாறும் வேலை இன்று ஏறக்குறைய போய்விட்டது. இணையத்தில் பெரும்பகுதி பூட்டிய உறையில், அதாவது ஹெச்டிடிபிஎஸ்ஸில் போகிறது. நடுவில் இருப்பவர் உள்ளே பார்க்க முடியாது, பார்க்காததைச் சேமிக்கவும் முடியாது. ஆனால் ப்ராக்ஸி போகவில்லை. யார் எந்தத் தளத்துக்குப் போகலாம் என்று தடுக்க, பெயர் கேட்டு உள்ளே விட, லாக் எழுத என்று கல்லூரியிலும் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் நிற்கிறது. மறுபுறம், வலைத்தளங்களுக்கு முன்னால் நின்று வருகிறவர்களை எதிர்கொள்ளும் ‘ரிவர்ஸ் ப்ராக்ஸி’களாக என்ஜின்எக்ஸும் ஹெச்ஏப்ராக்ஸியும் க்ளவுட்ஃப்ளேர் போன்ற நிறுவனங்களும் இருக்கின்றன. நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது ஒரு ப்ராக்ஸியைத் தாண்டித்தான் வருகிறது என்று சொன்னால் பெரிய மிகை இல்லை.

ப்ராக்ஸியின் சங்கடம் அதன் இடத்தில் இருக்கிறது. சாதாரண வெப் சர்வர் வருகிறவரை மட்டும் சந்தேகித்தால் போதும். ப்ராக்ஸி இரண்டு பக்கமும் அந்நியர்களை வைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளிருந்து கோரிக்கை அனுப்புகிறவர் அதைக் கவிழ்க்கலாம், வெளியிலிருந்து பதில் அனுப்பும் சர்வரும் கவிழ்க்கலாம். 2003 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எம்எஸ்03-012 அறிவிப்பு முதல் வகைக்கு நல்ல உதாரணம். ப்ராக்ஸி சர்வர் 2.0, ஐஎஸ்ஏ சர்வர் 2000 ஆகியவற்றில், உள் வலையத்தில் இருக்கும் ஒருவர் வேண்டுமென்றே கோணலாகச் செய்த ஒரு பேக்கெட்டை அனுப்பினால் சிபியு நூறு சதவீதத்துக்கு ஏறி, உள்ளேயும் வெளியேயும் யாருக்கும் பதில் சொல்லாமல் சர்வர் உறைந்துவிடும். ஹாஸ்டல் அறையில் சும்மா இருக்கும் ஒரு மாணவருக்கு அது போதுமான ஆயுதம். இரண்டாவது வகைக்கு உதாரணம் சிவிஇ-2023-46724 (பகிரங்கமான பாதுகாப்புக் குறைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்தான் சிவிஇ): ஸ்க்விட் வெளியே ஒரு தளத்தோடு பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தப் போகும்போது, அந்தத் தளம் நீட்டும் சான்றிதழிலேயே வில்லங்கம் இருந்தால், அதைச் சரிபார்க்கும் இடத்தில் ஸ்க்விட் விழுந்துவிடும். பூட்டிய உறையைப் பிரித்துப் பார்த்து ஊழியர்களைக் கண்காணிக்கும் அலுவலகங்களுக்குத்தான் இந்த ஆபத்து. உறையைப் பிரிக்காமல் விட்டவர்கள் பிழைத்தார்கள்.

மைக்ரோசாஃப்ட் அறிவிப்பு வந்த அதே 2003இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் க்ராஸ்பியும் டான் வாலாக்கும் எழுதிய ஆய்வுக்கட்டுரை இந்தத் துறையில் ஒரு திருப்பம். எந்தப் பிழையும் இல்லாத, பாடப்புத்தகப்படி எழுதப்பட்ட நிரலையும் முடக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். தரவைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்துத் தேடும் ஹாஷ் டேபிள் என்பது சராசரியாக மின்னல் வேகம். ஆனால் எல்லா உள்ளீடுகளும் ஒரே பெட்டியில் போய் விழும்படி ஒருவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் அது ஆமை வேகம். அவர்கள் சோதித்தவற்றில் பெர்ல் மொழி, ஸ்க்விட் ப்ராக்ஸி, ப்ரோ என்ற ஊடுருவல் கண்காணிப்பு மென்பொருள் மூன்றும் இருந்தன. ஒரு டயல்-அப் மோடத்துக்கும் குறைவான வேகத்தில் ஆறு நிமிடம் பேக்கெட் அனுப்பியதில், ப்ரோ தனக்கு வந்த போக்குவரத்தில் 71 சதவீதம் வரை தவறவிட்டது. சராசரியை நம்பி வடிவமைப்பதும், கெட்ட எண்ணத்தோடு வருகிறவரை மனதில் வைத்து வடிவமைப்பதும் வெவ்வேறு தொழில்கள் என்று அன்றைக்கே சொல்லியாகிவிட்டது. எட்டு ஆண்டு கழித்து, 2011 டிசம்பரில், ஜெர்மனியில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் பிஹெச்பி, ஜாவா உட்படப் பல மொழிகளில் அதே கோளாறு இருப்பதை இரண்டு ஆய்வாளர்கள் மேடையில் காட்ட வேண்டியிருந்தது.

இனி ஸ்க்விட்டுக்கே வருகிறேன், ஏனென்றால் இந்தப் பிரச்சினையின் முழு முகமும் அங்கேதான் தெரிகிறது. 2021 பிப்ரவரியில் ஜோஷுவா ராஜர்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்க்விட்டின் குறிமுறையை அலசினார். கண்ணால் படித்தார், கருவிகளால் துருவினார், ஏறுமாறான உள்ளீடுகளை லட்சக்கணக்கில் கொட்டிப் பார்த்தார். கிடைத்தவை 55 குறைகள். மேம்பாட்டாளர்களிடம் சொல்லிவிட்டு இரண்டரை ஆண்டு காத்திருந்து, 2023 அக்டோபரில் பகிரங்கப்படுத்தினார். அன்று அவற்றில் 35க்கு இன்னும் பேட்ச் வரவில்லை. அவர் ஸ்க்விட் குழுவைக் குறை சொல்லவில்லை. ஒத்துழைத்தார்கள், ஆனால் ஆள் போதவில்லை என்றே எழுதினார். இணையத்தில் இருபத்தைந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஸ்க்விட்கள் தென்படுவதாக அவரே ஒரு கணக்கும் சொன்னார். இத்தனை அலுவலகங்களின் வாசல், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் ஓய்வு நேரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

குறைகள் எங்கே இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நாள்தோறும் கோடிக்கணக்கான கோரிக்கைகள் நடந்து தேய்ந்த பாதையில் பிழை குறைவு. தூசி படிந்த மூலைகளில்தான் அதிகம். சிவிஇ-2023-46728 கோஃபர் என்ற நெறிமுறையில் இருந்தது. 1991இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்து, வெப் வந்ததும் அடங்கிப்போனது கோஃபர். சென்னையில் பொது இணையம் வருவதற்குள் அதன் காலம் முடியத் தொடங்கியிருந்தது. ஆனால் ஸ்க்விட் 6.0.1 பதிப்புக்கு முன்புவரை கோஃபர் கதவு எல்லா ஸ்க்விட்டிலும் திறந்தே இருந்தது, நிர்வாகி கேட்டாலும் கேட்காவிட்டாலும். எந்தக் கோஃபர் சர்வரின் பதிலும், கெட்ட எண்ணமே இல்லாத சர்வரின் பதிலும்கூட, ஸ்க்விட்டைக் கீழே தள்ளிவிடலாம் என்று அதிகாரபூர்வ அறிவிப்பே ஒப்புக்கொண்டது. தீர்வு என்ன தெரியுமா? கோஃபரையே வெட்டி எறிந்தார்கள்.

யூஆர்என் கதையும் இதே. ஒரு நூலுக்கு ஐஎஸ்பிஎன் இருப்பதுபோல் இணைய வளங்களுக்கு நிரந்தரப் பெயர் கொடுக்கலாம் என்று 1997இல் வகுத்த திட்டம் அது. ப்ரவுசரில் யூஆர்என் தட்டி யாராவது பக்கம் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஸ்க்விட் அதையும் புரிந்துகொள்ளும். 2021இல் அந்தப் பகுதியில் நினைவகம் கசிவது தெரிந்தது. திரும்பத் திரும்பக் கேட்டே மெஷினின் நினைவகத்தைத் தின்றுவிடலாம். 2025இல் அதே பகுதியில் இன்னொரு குறை, சிவிஇ-2025-54574, முன்னதைவிடக் கடுமையானது. ஈஎஸ்ஐ என்ற பக்க ஒட்டுத் தொழில்நுட்பத்தில் வந்த சிவிஇ-2024-45802க்கு 6.10 பதிப்பு தந்த மருந்தும் சுவாரசியமானது: பிழையைத் தேடித் திருத்தியதைவிட, ஈஎஸ்ஐயை இயல்பாகவே அணைத்து வைத்துவிட்டார்கள். என் பார்வையில் இதுதான் நேர்மையான வைத்தியம்.

எல்லாப் பிழையும் மூலையில் இல்லை என்பதற்கும் சாட்சி உண்டு. ஒரு கோரிக்கை பல ப்ராக்ஸிகளைக் கடந்து வரும்போது, ஆரம்பத்தில் யார் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ள ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’ என்ற ஹெடரில் வந்த வழியெல்லாம் குறித்து வைக்கப்படும். அந்தப் பட்டியலை ஸ்க்விட் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கும். ஒவ்வொரு பெயருக்கும் அதே ஃபங்ஷன் தன்னைத்தானே மறுபடி அழைக்கும்; எத்தனை முறை அழைக்கலாம் என்று வரம்பு வைக்கவில்லை. பட்டியலை மைல்கணக்கில் நீட்டி ஒருவர் அனுப்பினால் ஸ்டாக் நிரம்பிச் செயலி செத்துவிடும். இது சிவிஇ-2023-50269. பாதிக்கப்பட்ட பதிப்புகளின் வரிசையில் 2.6உம் இருக்கிறது என்பதைப் பார்த்தால், எத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது என்று தெரியும். 6.6இல்தான் திருத்தினார்கள். துண்டு துண்டாக வரும் செய்தியைப் படிக்கும் இடத்திலும் இதே ‘தன்னைத்தானே அழைக்கும்’ கோளாறு இருந்து, சில மாதம் கழித்து 6.8இல் சரியானது. அந்த ஃபார்வர்டட் வசதியை இயக்காதவர்களுக்கு முதல் பிழையால் ஆபத்தில்லை.

ஸ்க்விட் விழுந்தால் தாய்ச் செயல்முறை அதை மீண்டும் எழுப்பிவிடும், பிறகென்ன என்று கேட்கும் நிர்வாகிகள் உண்டு. எழுப்பும், உண்மைதான். ஆனால் அடுத்தடுத்து விழுந்துகொண்டே இருந்தால் ‘அடிக்கடி தோல்வி’ என்று லாகில் எழுதிவிட்டு 3,600 விநாடிக்கு எழுப்பாமல் விட்டுவிடும். தாக்குகிறவர் மணிக்கொரு முறை சில கோரிக்கைகள் அனுப்பினால் போதும், அலுவலகம் நாள் முழுக்க இணையமில்லாமல் இருக்கும். இதை வெளியிலிருந்து பார்த்தால் போக்குவரத்து வெள்ளம் எதுவும் தெரியாது, வெள்ளத்தைத் தேடும் கண்காணிப்புக் கருவிகள் மௌனமாக இருக்கும்.

சென்னைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு பெரிய சேவை மறுப்பு நிகழ்வு 2012இல் நடந்தது. தனுஷ் நடித்த ‘3’ உள்ளிட்ட படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க, சென்னையின் காப்பிரைட் லேப்ஸ் நிறுவனம் அந்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயரறியாதோர் மீதான ‘ஜான் டோ’ உத்தரவு வாங்கியது. அதைக் காட்டி இணைய நிறுவனங்கள் விமியோ, பைரேட் பே போன்ற தளங்களை முழுதாகவே அடைத்தன. கோபம் கொண்ட அனானிமஸ் என்ற ஹேக்கர் குழு மே மாதம் உச்ச நீதிமன்றம், காங்கிரஸ் கட்சி முதலானோரின் வலைத்தளங்களைத் தாக்கி முடக்கியது. ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம், முழுத் தளத்தையும் அடைக்க வேண்டாம், குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் அடைத்தால் போதும் என்று தெளிவுபடுத்தியது.

அது கூட்டத்தைத் திரட்டிய தாக்குதல், பிழையைத் தேடியதல்ல. ஆனால் கதை அங்கே முடியவில்லை. தளங்களை அடைக்க வலையத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும் பெட்டிகளும் நாம் கேட்டு வாங்காத ஒருவகை ப்ராக்ஸிதான். போகிற வருகிற பேச்சைப் படித்து, தடைசெய்த பெயர் வந்தால் தாங்களே பதில் சொல்பவை. இந்திய இணைய நிறுவனங்கள் அப்படிப்பட்ட பெட்டிகளை வைத்திருப்பதை டெல்லி ஐஐஐடி ஆய்வாளர்கள் 2018இல் அளந்து காட்டினார்கள். 2021இல் மேரிலாண்ட், கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகெங்கும் உள்ள இத்தகைய பெட்டிகளைச் சோதித்தபோது வேறொன்று வெளிப்பட்டது. பல பெட்டிகள் இணைப்பு முழுமையாக ஏற்பட்டதா என்று சரிபார்ப்பதில்லை. அதனால் வேறொருவர் முகவரியைப் போலியாகப் போட்டு ஒரு சிறு பேக்கெட் அனுப்பினால், ‘இந்தத் தளம் தடைசெய்யப்பட்டது’ என்ற நீண்ட பக்கத்தை அந்த அப்பாவி முகவரி மேல் கொட்டும். சில பெட்டிகள் நிறுத்தாமல் கொட்டிக்கொண்டே இருந்தன. 2022 மார்ச்சில் அக்கமாய் நிறுவனம் இந்த உத்தியில் நிஜத் தாக்குதல்கள் நடப்பதை அறிவித்தது. தணிக்கைக்கு வைத்த பெட்டி தாக்குதலுக்குத் துப்பாக்கியானது. இதைப் பற்றி நம் நீதிமன்றங்களில் தளம் அடைக்கக் கேட்பவர்கள் யாரும் வாதாடியதாகத் தெரியவில்லை.

பெரிய ரிவர்ஸ் ப்ராக்ஸிகளின் பக்கம் போனால் அளவு மாறுகிறது, தன்மை மாறவில்லை. 2023 அக்டோபர் 10 அன்று கூகுள், க்ளவுட்ஃப்ளேர், அமேசான் மூவரும் சேர்ந்து வெளியிட்ட ‘ரேப்பிட் ரீசெட்’ ஹெச்டிடிபி/2 நெறிமுறையிலேயே இருந்த இடுக்கு. ஒரே இணைப்பில் ஒரே நேரத்தில் இத்தனை கோரிக்கைதான் என்று வரம்பு உண்டு. தாக்குகிறவர் கோரிக்கையைக் கொடுத்த மறுகணமே ரத்து செய்கிறார். ரத்தானதால் வரம்புக் கணக்கில் அது வராது. ஆனால் ப்ராக்ஸி அதற்குள் வேலையைத் தொடங்கி, பின்னால் உள்ள சர்வருக்கும் அனுப்பியிருக்கும். கூகுள் பார்த்த உச்சம் விநாடிக்கு 39.8 கோடி கோரிக்கை. க்ளவுட்ஃப்ளேர் மேல் வந்த தாக்குதலுக்குச் சுமார் 20,000 கணினிகளே போதுமாக இருந்தன. இங்கே கூட்டமும் பிழையும் கைகோர்த்துக்கொண்டன.

தாக்குபவரே இல்லாமல் விழுந்த கதைகளும் இருக்கின்றன. 2019 ஜூலை 2 அன்று க்ளவுட்ஃப்ளேர் தன் பாதுகாப்பு விதிகளில் சேர்த்த ஒரே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் உலகெங்கும் அதன் சிபியுக்களைத் தின்று, அரைமணி நேரம் போல லட்சக்கணக்கான தளங்களைச் சாய்த்தது. 2025 நவம்பர் 18 அன்று நம் நேரம் மாலை நாலே முக்கால், ஐந்து மணி வாக்கில் அதே நிறுவனத்தின் ப்ராக்ஸி மறுபடி விழுந்தது. பாட்களைக் கண்டுபிடிக்கும் ஒரு கோப்பு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகிவிட்டது. 200 என்ற வரம்பைத் தாண்டியதும் ப்ராக்ஸி நிரல் தடுமாறிச் செத்தது. அந்த நிரல் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. ஸ்க்விட்டின் சி++ குறிமுறையில் வரும் நினைவகப் பிழைகளை ரஸ்ட் பெரும்பாலும் தடுத்துவிடும், அதற்காகவே பலர் அதற்கு மாறுகிறார்கள். ஆனால் ‘இது நடக்கவே நடக்காது’ என்று எழுதிய ஒரு வரி நடந்துவிட்டால், பாதுகாப்பான மொழியும் பாதுகாப்பாகவே செயலியை நிறுத்திவிடும். தரவு திருடு போகாது, கதவு மட்டும் மூடிக்கொள்ளும். கதவாக இருப்பதே வேலை என்னும்போது அது என்ன ஆறுதல்?

இந்த இடத்தில்தான் துறையின் பொதுக்கருத்தோடு எனக்குப் பிணக்கு. ‘சேவை மறுப்பு மட்டும்தானே’ என்ற சொற்றொடர் பாதுகாப்புக் கூட்டங்களில் சர்வசாதாரணம். கடவுச்சொல் போகவில்லை, தரவு போகவில்லை, அடுத்த காலாண்டில் பேட்ச் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். தனி மனிதரின் கணினியில் ஒரு செயலி விழுந்தால் அந்தப் பேச்சு சரி. ஆயிரம் பேருக்கு ஒரே வாசலாக இருக்கும் நிரல் விழுவதை அந்தத் தராசில் நிறுக்கக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு, அனுமதியுள்ளவருக்கு அணுகல் கிடைக்காமல் செய்வதைத் தனியாகவே குறிப்பிடுகிறது. அதை நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கில் செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. 2022 ஏப்ரல் 28இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, சேவை மறுப்புத் தாக்குதலை ஆறு மணி நேரத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. 180 நாள் லாகை வைத்திருக்கவும், கடிகாரத்தை என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்தவும் சொல்கிறது. எல்லாம் நல்லதே. ஆனால் இவை தாக்கியவரையும் தாக்குதலுக்குப் பிந்தைய நேரத்தையும் பார்க்கின்றன. தாக்குதலுக்கு முன் வாசலில் நிற்கும் நிரலைப் பார்க்க வேண்டியது அதைத் தருகிறவரும் நடத்துகிறவரும்தான்.

பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வாலைத் தரும் நெட்கேட் நிறுவனம், 2023 இறுதியில் தன் ஸ்க்விட் தொகுப்பைக் கைவிடப் போவதாக அறிவித்தது. ராஜர்ஸின் பட்டியலுக்குப் பிறகு அதை ஆதரிக்க மனம் வரவில்லை. சிறு அலுவலகங்களுக்கு இது கடினமான செய்தி. அந்தப் பெட்டியை நம்பி இருந்தவர்கள் பலர். ஸ்க்விட்டை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பவர்கள் புதிய பதிப்புக்குப் போகலாம். போக முடியாதவர்கள் அமைப்புக் கோப்பில் கோஃபர், யூஆர்என் இரண்டையும் மறுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதலாம். பயன்படுத்தாத டைஜஸ்ட் அடையாள முறையை அணைக்கலாம், ஏனென்றால் சிவிஇ-2023-46847 அந்த வழியில்தான் நினைவகத்தில் 2 எம்பி வரை குப்பையைக் கொட்ட விட்டது. ஹெடரின் நீளத்துக்கு இறுக்கமான வரம்பு வைக்கலாம். ஒரே ப்ராக்ஸிக்குப் பதில் இரண்டு வைக்கும்போது இரண்டிலும் ஒரே பதிப்பு ஓடினால் ஒரே கோரிக்கை இரண்டையும் சாய்க்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒருநாள் லாகைத் திறந்து எண்ணிப் பார்ப்பது நல்லது. கேஷிலிருந்து பரிமாறியதற்கு ‘டிசிபி ஹிட்’ என்று விழும்; பூட்டிய உறையை அப்படியே கடத்தியதற்கு ‘டிசிபி டனல்’ என்று விழும். முதலாவது நூற்றுக்கு இரண்டோ மூன்றோ வந்து, மற்றதெல்லாம் டனல் என்றால், அந்த ப்ராக்ஸி செய்துகொண்டிருந்த வேலையை ஃபயர்வாலும் டிஎன்எஸ் வடிகட்டியும் செய்துவிடும். பெட்டியைக் கழற்றி அலமாரியில் வைக்கலாம்.